ஓய்வுக்குப் பின் ஒரு பொறுப்பு: கல்வி உதவி நிதியும் பொதுநிலையினரும்



1950ஆம் ஆண்டு இராமேஸ்வரத்திலிருந்து ஒரு மாணவர் திருச்சி தூய வளனார் கல்லூரிக்குப் படிக்க வந்தார். விடுதியில் அவரோடு ஒரே அறையில் தங்கிய இருவரில் ஒருவர் திருவரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பிள்ளை. மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். வந்தவர் முஸ்லிம். அவர்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். 'அக்னிச் சிறகுகள்' நூலில் அந்த அறையை அவர் அன்போடு நினைவுகூர்கிறார்.

1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு மாறிய அந்தக் கல்லூரியைப் போலவே, நம் கத்தோலிக்கப் பள்ளிகளும் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தவை. ஆனால் திறந்த கதவுக்குள் நுழையப் பணம் இல்லாத பிள்ளையின் நிலை என்ன?

அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தால் கவலை குறைவு. கல்விக் கட்டணம் இல்லை, மதிய உணவு உண்டு. (எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982 சூலை 1 அன்று தொடங்கி வைத்ததே நம் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில்தான்.) காலை உணவுத் திட்டமும் 2024இல் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025இல் நகர்ப்புறத்தில் உள்ளவற்றுக்கும் வந்தது. சிக்கல் இருப்பது சுயநிதிப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகளிலும்தான்.

இங்கே பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். அதற்கான தொகையை அரசு பள்ளிக்குத் தரும். ஆனால் 2014இல் பிரமதி வழக்கில், சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை 2025இல் அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு எழுப்பியுள்ளது. அது எப்படி முடிந்தாலும், விலக்கு என்பது நமக்கு உரிமை மட்டுமல்ல, சுமையும்கூட. பக்கத்துத் தனியார் பள்ளியில் சட்டம் செய்வதை, நம் பள்ளியில் நாமே மனமுவந்து செய்தாக வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, வறியோர் மீது தனி அக்கறை காட்டும்படி கத்தோலிக்கப் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது.

இதற்குத்தான் கல்வி உதவி நிதிகள். அவற்றின் நிர்வாகக் குழுவுக்கு யார் தேவை?

நம் ஊரில் பெல் நிறுவனத்திலும், பொன்மலைப் பணிமனையிலும், வங்கிகளிலும் பொறுப்பான பதவி வகித்து ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். திருவரங்கத்திலும் கே.கே. நகரிலும் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களிடம் நாம் நன்கொடை கேட்கிறோம், அனுபவத்தைக் கேட்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். பத்து இலட்ச ரூபாய் நிதி ஏழு விழுக்காட்டு வட்டியில் ஆண்டுக்கு 70,000 ரூபாய் தரும் என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் கொடுத்துவிட்டால் இந்த ஆண்டு எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் கட்டணம் ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு உயர்ந்தால், ஏறக்குறைய 14 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். அப்போது அதே 70,000 ரூபாய் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் போதும். அறக்கட்டளைகள் ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டைச் செலவிட வேண்டும், 15 விழுக்காடு வரை சேமிக்கலாம் என்பது வருமான வரிச் சட்டத்தின் பொது விதி. அப்படியானால் 10,500 ரூபாய் மீண்டும் நிதியில் சேரும். 59,500 ரூபாய் பிள்ளைகளுக்குப் போகும். 10,500 மட்டும் விலைவாசியை ஈடுகட்டாது என்பதால் புதிய நன்கொடையும் தொடர்ந்து வர வேண்டும். இதைப் பங்குத்தந்தை ஒருவரே திருப்பலிக்கும் நோயாளர் சந்திப்புக்கும் இடையில் உட்கார்ந்து கணக்கிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

திருச்சபைச் சட்டமும் எதிர்பார்க்கவில்லை. மறைமாவட்ட நிதிக்குழுவில் பொருளாதாரமும் நாட்டுச் சட்டமும் அறிந்த, நேர்மையில் சிறந்த மூவராவது இருக்க வேண்டும்; ஆயரின் நெருங்கிய உறவினர் இருக்கக் கூடாது என்கிறது சட்ட எண் 492. ஒரு நோக்கத்துக்காக இறைமக்கள் தந்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது எண் 1267. கல்விக்கென வந்த பணத்தில் கோபுரத்துக்கு வண்ணம் பூச முடியாது என்று பணிவோடு சொல்ல ஓர் ஆள் வேண்டும். சம்பளமோ பதவி உயர்வோ எதிர்பார்க்காதவருக்கு அது எளிது.

திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தை மீண்டும் வாசியுங்கள். அன்றாடப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் விடுபடுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டார்கள். திருத்தூதர்கள் அந்த வேலையைத் தாங்களே இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. நற்பெயர் பெற்ற எழுவரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் தரப்பிலிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்று விளக்கவுரையாளர் பலர் கருதுகிறார்கள். நம் குழுக்களில், உதவித்தொகையால் படித்து முன்னேறிய ஒருவராவது இருக்கிறாரா?

ஓய்வு பெற்ற அதிகாரிகளிடம் ஒரு குறையும் உண்டு, அன்போடு சொல்கிறேன். அலுவலகப் பழக்கம் எளிதில் போவதில்லை. விண்ணப்பத்தில் ஒரு சான்றிதழ் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தச் சான்றிதழுக்காக ஒரு தாய் ஒரு நாள் கூலியை இழந்து வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கிறார் என்பது கோப்பில் தெரியாது. உதவி பெறும் பிள்ளையை மேடையில் நிறுத்திக் காசோலையோடு படம் எடுப்பதும் வேண்டாம். வலக்கை செய்வதை இடக்கை அறியக் கூடாது என்று ஆண்டவர் சொன்னதைக் கேமராவும் கேட்கட்டும். தொகையை நேரே பள்ளிக் கணக்கில் செலுத்தினால் போதும். வகுப்பில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று, காலம். பள்ளி திறப்பது சூன் மாதம். குழு சூலையில் கூடி ஆகஸ்டில் முடிவெடுத்தால், அதற்குள் தந்தை வட்டிக்கு வாங்கியிருப்பார், அல்லது பிள்ளை வேறு பள்ளிக்குப் போயிருக்கும். விண்ணப்பங்களை ஏப்ரலில் அன்பியங்கள் வழியாகக் கொடுத்து, மே மாத இறுதிக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். உங்கள் பங்கில் ஓய்வு பெற்றவர் எவரேனும் இருந்தால், இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தையிடம் பெயரைச் சொல்லுங்கள்.