உஷார்! செகண்ட் ஹேண்ட் போன் வாங்கப் போறீங்களா?

‘நல்லா ஓடுற பழைய போன் இருக்கும்போது புதுசு எதுக்கு?’ என்று கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஒரு ஸ்மார்ட்போனால் வெளியாகும் கார்பனில் பெரும்பங்கு, அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. இன்னொருவர் பயன்படுத்திய போனை நாம் மேலும் சில வருடங்கள் ஓட்டினால், புதிதாக ஒன்று தயாரிக்க வேண்டிய தேவை குறையும்.

ஆனால், இந்த நல்லெண்ணத்தைக் குறிவைத்தே ஒரு கூட்டம் காத்திருக்கிறது. பாதி விலைக்குக் கிடைத்ததே என்று வாங்கிய போன், உங்களைக் காவல் நிலையம் வரை இழுத்துக்கொண்டு போகலாம்!

சிம் உங்களுடையது... போன் யாருடையது?

போனைப் பறிகொடுத்தவர், போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அந்த போனை முடக்கிவிட முடியும். அதன்பின் எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் அது வேலை செய்யாது. அதைவிட முக்கியம், அதில் யாருடைய சிம் போடப்பட்டது என்ற தகவல் போலீஸுக்குப் போய்விடும். திருடியவன் காசோடு போயிருப்பான். மாட்டுவது நீங்கள்!

‘எனக்குத் தெரியாதே’ என்று சொல்லித் தப்பிக்கலாமா? திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினாலும், அப்படிச் சந்தேகிக்கக் காரணம் இருந்தும் நேர்மையின்றி வாங்கினாலும், பாரதிய நியாய சம்ஹிதாவின் 317-வது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. பில் இல்லை, பெட்டி இல்லை, விலையோ அடிமாட்டு விலை என்றால், உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை என்பதை யார் நம்புவார்கள்?

காசு கொடுக்கும் முன்...

* போனில் *#06# என்று அழுத்துங்கள். போனின் அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அது பில்லிலும் பெட்டியிலும் உள்ள எண்ணோடு அச்சுப்பிசகாமல் பொருந்த வேண்டும்.

* ஆங்கிலத்தில் ‘கே.ஒய்.எம்.’ என்ற மூன்று எழுத்துகளைப் புள்ளியில்லாமல் தட்டி, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். ‘பிளாக்லிஸ்ட்’ அல்லது ‘டூப்ளிகேட்’ என்று பதில் வந்தால், ஒரு ரூபாய்க்குக் கொடுத்தாலும் வேண்டாம். ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றுவது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கத்தக்க குற்றம்.

* உங்கள் கண்ணெதிரே ஃபேக்டரி ரீசெட் செய்து, மறுபடி ஆன் செய்யச் சொல்லுங்கள். பழைய ஓனரின் ஜிமெயிலையோ ஆப்பிள் ஐடியையோ கேட்டு நின்றால், போன் பூட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். ‘வீட்டுக்குப் போய் பாஸ்வேர்ட் அனுப்புறேன்’ என்பதை நம்பாதீர்கள்.

* ஐபோன் என்றால் சிம் ட்ரேயைக் கழற்றி, அந்த இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு அடையாளம் சிவந்திருந்தால், போன் தண்ணீரில் நனைந்திருக்கிறது.

* பின்மூடி உப்பியிருக்கிறதா, ஸ்க்ரீன் ஓரம் தூக்கியிருக்கிறதா? பேட்டரி வீங்கியிருக்கலாம். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு, தொடாதீர்கள்.

* செட்டிங்ஸில் கடைசி செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்கள். அப்டேட் வருவதே நின்றுபோன போனில் பேங்க் ஆப் வைத்திருப்பது ஆபத்து.

விற்பவர்களும் உஷார்!

ஆன்லைனில் விளம்பரம் போட்டதும், ‘ராணுவத்துல இருக்கேன் சார், நேர்ல வர முடியாது. அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க’ என்று ஒருவர் பேசுவார். செய்தால், உங்கள் கணக்கில் இருப்பதும் போய்விடும். பணம் வாங்குவதற்கு க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யவோ, யு.பி.ஐ. பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. பின் கேட்டாலே பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால், அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

ரெண்டே மாதத்தில் செத்துப்போகும் போன், குப்பையில் இன்னொன்றைக் கூட்டுகிறது. திருட்டு போனை வாங்கினால், அடுத்த திருட்டுக்கும் நாமே முதல் போட்டது போல ஆகிறது. இதில் சுற்றுச்சூழலுக்கு என்ன நன்மை? தாராளமாகப் பழையதை வாங்குங்கள். ஆனால் பில், ஐ.எம்.இ.ஐ. சோதனை, விற்பவரின் பெயரும் கையெழுத்தும் உள்ள ரசீது... இந்த மூன்றும் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள்!