தோட்டத்து வீட்டுக்குத் துப்பாக்கி வாங்கலாமா?

'பிள்ளைங்க வெளியூர்ல. நாங்க ரெண்டு பேர் மட்டும் தோட்டத்துச் சாளையில இருக்கோம். துப்பாக்கி லைசென்ஸ் கேட்டா குடுப்பாங்களா? எந்தத் துப்பாக்கி நல்லது?' கொங்குப் பகுதியில் இந்தக் கேள்வி இப்போது சகஜமாகிவிட்டது. காரணம் தெரிந்ததுதான். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த தாய், தந்தை, மகன் மூன்று பேரும் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம், தனியாக இருந்த முதிய தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. பயப்படாமல் இருங்கள் என்று யாருக்கும் சொல்ல முடியாது. ஆனால், துப்பாக்கி அந்தப் பயத்துக்கு மருந்தா என்பதைப் பணம் கட்டும் முன்பே யோசித்துவிடுவது நல்லது.

முதலில் சட்டம். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் எல்லாத் துப்பாக்கியையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும் ரவைத் துப்பாக்கிக்கு, குழல் 20 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால், பாதுகாப்புக்காக உரிமம் கேட்பது ஓரளவு சுலபம். பிஸ்டல், ரிவால்வர் என்றால் 'உங்களுக்கு இது தேவைதான்' என்று அதிகாரி திருப்திப்பட வேண்டும். மாவட்டத்தில் ஆட்சியரிடமும், மாநகரக் காவல் எல்லைக்குள் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை அறிக்கை கட்டாயம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். 2019-ம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 வருடத்துக்குச் செல்லும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

வாங்குவது என்று முடிவு செய்தவர்களுக்கு என் பதில், 12 போர் ரெட்டைக்குழல். மடக்கித் திறந்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம். வீட்டில் வைக்கிற துப்பாக்கிக்கு இதைவிடப் பெரிய நல்ல குணம் கிடையாது. ஏறக்குறைய 3 கிலோ கனம் இருக்கும். சுடும்போது தோளில் நன்றாகவே உதைக்கும். கைத்துப்பாக்கி சின்னதாக இருப்பதால் சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேரெதிர். தொடர்ந்து பழகாத கைக்கு, இருட்டில், பதற்றத்தில், பத்தடி தூரத்திலேயே குறி தப்பும். ரவைத் தோட்டா பரவிப் பாய்வதால் குறி தேவையில்லை என்பதும் சினிமாப் பேச்சுதான். ஒரு அறைக்குள் இருக்கும் தூரத்தில் ரவைகள் உள்ளங்கை அகலத்துக்கு மேல் பரவாது. அதேநேரம், தகரத்தையும் மரக்கதவையும் துளைத்துக்கொண்டு அடுத்த பக்கம் தூங்குகிறவர் மேல் பாயும்.

கரிமருந்து இடிக்கும் பழைய மாதிரித் துப்பாக்கிக்குப் பயிர்ப் பாதுகாப்பு என்று உரிமம் தருவதுண்டு. ஒருமுறை சுட்டால் மறுபடி மருந்து இடிக்க வேண்டும்; வீட்டுக் காவலுக்கு ஆகாது. அந்த உரிமம் இருக்கிறது என்பதற்காகக் காட்டுப்பன்றியைச் சுடவும் முடியாது. அதற்கு வனத்துறைதான் வர வேண்டும். உரிமம் தேவைப்படாத சின்ன ஏர்கன் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது ஆளைத் தடுக்காது. ஆனால் இருட்டில் எதிரில் இருப்பவனுக்கு நிஜத் துப்பாக்கி மாதிரியே தெரியும். அவன் கையில் அரிவாளோ கம்பியோ இருந்தால், அதை முதலில் வீச வைக்கும் வேலையைத்தான் அந்தப் பொம்மை செய்யும்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் ஒரு பூட்டிலும், தோட்டாவை வேறொரு பூட்டிலும் வைக்க வேண்டும். பேரன் பேத்திகள் விடுமுறைக்கு வரும் வீட்டில் இதில் சமரசமே கூடாது. அப்படி வைத்தால், நடுராத்திரி ஓட்டைப் பிரித்தோ கதவை நெம்பியோ ஆள் உள்ளே வந்த பிறகு சாவி தேடி, பீரோ திறந்து, தோட்டா போட்டு நிமிர எவ்வளவு நேரம் ஆகும்? ஒருநாள் பகலில், தோட்டா இல்லாமல், கடிகாரம் வைத்துப் பாருங்கள். தனியாக இருக்கும் முதியவர்களைத் தேடி வருகிறவன் அந்த நேரத்தைத் தரமாட்டான். கதவைத் தட்டிவிட்டும் வரமாட்டான்.

இன்னொன்றும் உண்டு. உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. ஐயா சந்தைக்குப் போய்விட்ட நேரத்தில் அம்மா அந்தத் துப்பாக்கியை எடுக்க உரிமம் இல்லை. தேர்தல் வந்தால் பெரும்பாலான துப்பாக்கிகள் ஸ்டேஷனுக்குப் போய்விடும். முடிவு வந்த பிறகுதான் திரும்பும். வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்தால், அதையே திருடவும் ஆள் வருவான். அப்புறம், சொல்லத் தயங்குகிற ஒரு விஷயம்: குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவரோ, கடனிலும் கவலையிலும் மனசு உடைந்திருப்பவரோ வீட்டில் இருந்தால் துப்பாக்கியை உள்ளே கொண்டுவராதீர்கள். திருடன் வருவது என்றைக்கோ. வீட்டுக்குள் இருக்கிற ஆபத்து தினமும் இருக்கிறது.

சுட்டுவிட்டால் என்ன ஆகும்? 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையைத் தந்திருக்கிறது. கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்துப் புகுதல் போன்றவற்றில் அந்த உரிமை எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் நீளும் என்று 41-ம் பிரிவு சொல்கிறது. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகச் செய்யக் கூடாது. வீடு புகுந்தவன் வீட்டைவிட்டு வெளியேறி, வரப்பு தாண்டி ஓடுகிறான் என்றால் அவன் முதுகில் சுடுவதற்கு இந்தப் பிரிவு துணை வராது. வழக்கில் நீங்கள்தான் நிற்க வேண்டியிருக்கும். இளநீர் திருட வந்த பக்கத்து ஊர்ப் பையனைச் சுட்டுவிட்டு எந்தச் சட்டத்தைக் காட்டியும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

அப்பா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது என்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால், தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். பரணிலேயே விட்டால் அது உரிமமில்லாத ஆயுதம். குறைந்தது 2 வருடச் சிறை. உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொடுக்கவும் வழி இருக்கிறது: உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, 25 வருடம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசு பெயருக்கு உரிமம் கேட்க 2016-ம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. பழைய குழலில் புதுத் தோட்டா போடும் முன் ஆயுத வியாபாரியிடம் காட்டிவிடுங்கள். பழையவற்றில் சில 65 மி.மீ. தோட்டாவுக்குச் செய்தவை, 70 மி.மீ. தோட்டா போட்டால் குழல் வெடிக்கலாம்.

உரிமத்துக்கு அலையும் மாதங்களில் வீட்டைக் கவனியுங்கள். தோட்டத்து வீடுகளில் முன்கதவு தேக்கில் இருக்கும். பின்கதவு காலால் உதைத்தால் போய்விடும். முதல் செலவு அதற்குத்தான். படுக்கும் அறைக்கு உள்ளே தாழிடும் கனமான கதவு, தலைமாட்டில் சார்ஜ் உள்ள போன், வெளிவிளக்குக்கு அறைக்குள்ளேயே சுவிட்ச். மின்கம்பி வேலி மட்டும் வேண்டாம். அதில் சாவது பெரும்பாலும் நம் வீட்டு ஆளும் நம் மாடும்தான். கட்டிப்போட்ட ஒரு நாயைவிட, ராத்திரியில் அவிழ்த்துவிட்ட இரண்டு நாய் நல்லது. யார் தந்தாலும் தின்னும் நாயை நம்பாதீர்கள். நாய்கள் திடீரென்று செத்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே ஸ்டேஷனில் சொல்லுங்கள். கினிக்கோழி நாலு இருந்தால் புது ஆள் காலடிக்கே கத்தித் தீர்த்துவிடும்.

நகையையும் தேங்காய் விற்ற பணத்தையும் பற்றி வேலைக்கு வருகிறவர்கள் முன்னால் பேசாதீர்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ராத்திரி யார் கூப்பிட்டாலும் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டுச் சத்தம் கொடுப்பது என்று பேசிவைத்துக்கொள்ளலாம். ரோந்துக் காவலர் கையெழுத்துப் போடும் நோட்டு உங்கள் வீட்டிலும் வைக்கப்பட வேண்டும் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். 112-க்குப் போன் செய்தால் தோட்டத்துக்கு எப்படி வருவது என்று கேட்பார்கள். பதற்றத்தில் வாய் குழறும். அதனால் ஊர், பிரிவுச் சாலை, அடையாளம், சர்வே எண் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள்.