தலையாய பிரச்சினை – 9: வழுக்கை விழாத பிள்ளைகள்

இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரை கன்னத்திலும் நெற்றியிலும் முடி முளைக்க வைத்து, கடைசியில் மினாக்சிடில் என்று தலையில் தடவும் மருந்தான கதையைப் போன வாரம் பார்த்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் முடி நடும் அறுவை சிகிச்சை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நினைவிருக்கிறது. ஆனால் கத்தியை நோக்கிப் போகும் வழியில் கரீபியன் தீவு ஒன்றில் ஒரு கிராமம் குறுக்கிட்டது. அதைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

இந்தத் தொடர் முழுக்க நான் பிடித்துக்கொண்டு தொங்குவது ஒரே கேள்வியைத்தான். உச்சி மண்டை பளபளவென்று ஆனபிறகும் பின்மண்டையிலும் காதோரத்திலும் முடி ஏன் நிற்கிறது? அதே தோல், அதே இரத்தம், அதே எண்ணெய், அதே சீயக்காய். உப்புத் தண்ணீரைக் குறை சொல்பவர்களிடம் இதைத்தான் கேட்கிறேன்: பின்மண்டைக்கு மட்டும் மினரல் வாட்டரா ஊற்றுகிறீர்கள்? இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

பாதி பதில் 1942-லேயே கிடைத்துவிட்டது. ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறு அறிஞர், பருவ வயதுக்கு முன்பே விரைகள் நீக்கப்பட்ட ஆண்களையும், விரைகள் சரியாக வளராத ஆண்களையும் கவனித்தார். அவர்களுக்கு வழுக்கை விழவில்லை. சிலருக்கு டெஸ்டோஸ்டீரோன் கொடுத்துப் பார்த்தார். எல்லாருக்கும் முடி கொட்டவில்லை. குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்குத்தான் நெற்றி ஏற ஆரம்பித்தது. மருந்தை நிறுத்தியதும் ஏறுவதும் நின்றது. போன முடி மட்டும் திரும்பி வரவில்லை. இப்படிப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை இல்லை என்பதை ஹிப்போகிரட்டஸ் காலத்து கிரேக்கர்களே குறித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆண்மைச் சுரப்பும் பரம்பரையும் சேர்ந்தால்தான் வேலை நடக்கிறது என்று காட்டியவர் ஹாமில்டன்.

சரி, காரணம் தெரிந்தாயிற்று. அதை வைத்து என்ன செய்வது? வழுக்கைக்குப் பயந்து விரையை எடுத்துக்கொள்ள எவனும் வரமாட்டான். முப்பது வருஷத்துக்கும் மேலாக விஷயம் அங்கேயே நின்றது.

இப்போது அந்தக் கிராமம். டொமினிகன் குடியரசின் தென்மேற்கு மூலையில், வெளி உலகத்தோடு அதிகம் ஒட்டாமல் இருந்த ஊர், சலினாஸ். அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பார்ப்பதற்குப் பெண் குழந்தைகள் போலவே இருந்தார்கள். பெண் பெயர் வைத்து, பாவாடை கட்டி, பெண்ணாகவே வளர்த்தார்கள். பன்னிரண்டு வயது வாக்கில் குரல் உடையும். தோளும் தொடையும் முறுக்கேறும். அதுவரை வெளித்தெரியாத ஆணுறுப்பு வளரும். ஊருக்கு இது பழகிப்போயிருந்தது. இவர்களைக் குறிக்கத் தனிச் சொல்லே வைத்திருந்தார்கள். ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவும் அங்கே போய், இரத்தம் எடுத்து, குடும்ப மரங்களை வரைந்து, 24 பேரைப் பற்றிய கட்டுரையை 1974-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டது இது. ஆணுடம்பில் ஓடும் டெஸ்டோஸ்டீரோனின் ஒரு பகுதியை, 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி இன்னும் வீரியமான டிஹெச்டி என்ற பொருளாக மாற்றுகிறது. கருவிலேயே ஆணின் வெளி உறுப்பை உருவாக்குவது இந்த டிஹெச்டிதான். சலினாஸ் பிள்ளைகளுக்கு அந்த நொதி பிறவியிலேயே சரியாக இல்லை. டெஸ்டோஸ்டீரோனுக்குக் குறைவில்லை, அதனால் பருவம் வந்ததும் குரலும் தசையும் வந்துவிட்டன. பெண்ணாக வளர்க்கப்பட்ட 18 பேரில் 17 பேர் பருவத்துக்குப் பிறகு தங்களை ஆண் என்றே உணர்ந்தார்கள் என்று அதே குழு 1979-இல் எழுதியது. ஆண், பெண் என்ற அடையாளம் வளர்ப்பில் வருவதா, இரத்தத்தில் வருவதா என்று அதை வைத்து இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். நமக்குத் தலைமேல் வேலை இருக்கிறது.

அந்த ஆய்வில், ஏறக்குறைய போகிறபோக்கில், இரண்டு மூன்று குறிப்புகள் இருக்கின்றன. வளர்ந்த பிறகும் இவர்களுடைய புராஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருக்கிறது. தாடி அடர்த்தி குறைவு. முகப்பரு இல்லை. நெற்றி ஏறுவதில்லை.

நெற்றி ஏறுவதில்லை! இந்த வாரம் முழுக்க நான் பார்த்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் ஒருவர், “அந்த ஊர்லயே பொண்ணு எடுத்திருக்கலாம் சார், நம்ம புள்ளைங்களுக்காவது மண்டை தப்பிச்சிருக்கும்” என்றார். அப்படியும் நடக்காது. இந்தக் குறை வெளிப்பட, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வரவேண்டும். அதனால்தான் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்ளும் தனித்த ஊர்களில் இது அதிகம் தென்பட்டது; பாப்புவா நியூ கினியின் மலைக் கிராமங்களிலும் பிறகு கண்டுபிடித்தார்கள்.

ஆய்வின் செய்தி மெர்க் மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்த ராய் வாகலோஸ் காதுக்குப் போனது. அவர் கண்ணில் பட்டது புராஸ்டேட்தான். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீங்கி, சிறுநீர் போக முடியாமல் ராத்திரியில் ஐந்தாறு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. சலினாஸ்காரர்களின் உடம்பு பிறவியில் செய்ததை மாத்திரையால் செய்ய முடிந்தால்? அப்படி வந்ததுதான் ஃபினாஸ்டிரைடு. 1992-இல் 5 மில்லிகிராம் மாத்திரையாகப் புராஸ்டேட்டுக்கு அனுமதி. 1997 டிசம்பரில் அதே மருந்து 1 மில்லிகிராமாக, வேறு பெயரில், வழுக்கைக்கு அனுமதி. புராஸ்டேட் மாத்திரையை வாங்கி நாலாக உடைத்துச் சாப்பிடும் சிக்கனக்காரர்கள் அன்றிலிருந்து உலகெங்கும் இருக்கிறார்கள்.

பலன் உண்டா? உண்டு. இரத்தத்தில் டிஹெச்டி சுமார் 70 சதவீதம் குறைகிறது. உச்சியில் வழுக்கை விழுந்த ஆண்களிடம் இரண்டு வருஷம் நடத்திய சோதனையில், மருந்து எடுத்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு முடி எண்ணிக்கை குறையவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்குத்தான் அப்படி. கவனியுங்கள், “குறையவில்லை” என்றுதான் சொன்னேன். இருப்பதைக் காப்பதில் இந்த மருந்து கெட்டி. புதிதாக முளைப்பது ஓரளவுதான், அதுவும் உச்சியில் அதிகம், நெற்றியோரத்தில் குறைவு. பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். நிறுத்தினால் ஒரு வருஷத்துக்குள் பழையபடிதான்.

எச்சரிக்கைகளும் அந்தக் கிராமத்திலிருந்தே வருகின்றன. கர்ப்பிணிகள் உடைந்த ஃபினாஸ்டிரைடு மாத்திரையைக் கையால்கூடத் தொடக்கூடாது என்பார்கள். ஏன்? வயிற்றில் இருப்பது ஆண் சிசுவானால், டிஹெச்டி இல்லாத சிசுவுக்கு என்ன ஆகும் என்று சலினாஸ் காட்டிவிட்டதே. இதை எடுத்துக்கொள்பவர்கள் இரத்ததானம் செய்ய, நிறுத்தி ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதும் அதற்காகத்தான். அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்விடலாம். ஐம்பது தாண்டியவர்கள் இன்னொன்றும் கவனிக்கணும்: புராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கும் பிஎஸ்ஏ அளவை இந்த மருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். டாக்டரிடம் சொல்லாமல் பரிசோதித்தால், ஆபத்தான எண் நல்ல எண் மாதிரித் தெரியும்.

தாம்பத்திய ஆர்வம் குறைவது, விறைப்புத் தன்மை குறைவது ஆகியவை சிறு பங்கினருக்கு வரும். பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகிவிடும். சிலர் நிறுத்திய பிறகும் சரியாகவில்லை என்கிறார்கள். மனச்சோர்வு பற்றிய புகார்களும் உண்டு. தற்கொலை எண்ணத்தை இந்த மாத்திரையின் பக்கவிளைவுகளில் ஒன்றாக ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் உறுதிசெய்தது. ஏற்கெனவே மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் பெயரைச் சொல்லி வாங்கிப் போடும் மருந்து இல்லை இது.

பக்கவிளைவு என்றதும் ஸாக் லண்ட் ஞாபகம் வருகிறார். பனிச்சறுக்குத் தடத்தில் குப்புறப் படுத்தபடி பாயும் ஸ்கெலட்டன் என்ற விளையாட்டில் அமெரிக்க வீரர். முடி கொட்டுகிறதே என்று பல வருஷமாக ஃபினாஸ்டிரைடு எடுத்தவர். அதைப் படிவத்திலும் நேர்மையாக எழுதிக் கொடுத்து வந்தவர். 2005-இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, ஸ்டீராய்டைச் சோதனையில் மறைக்கக்கூடியது என்று சொல்லி இந்த மருந்தைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் மாறியதை அவர் பார்க்கவில்லை. 2006 டூரின் ஒலிம்பிக் தொடங்கும் நேரத்தில் தடை விதித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரேசிலின் ரோமாரியோவும் இதே மருந்தில் 2007-இல் மாட்டி, பிறகு விடுவிக்கப்பட்டார். புதிய சோதனை முறைகளில் மறைப்பு செல்லாது என்றாகி, 2009-இல் மருந்தே பட்டியலிலிருந்து போய்விட்டது. லண்ட் 2010 வான்கூவரில் இறங்கி ஐந்தாவதாக வந்தார். முடிக்காக ஒரு ஒலிம்பிக்கை இழந்த மனிதர் எனக்குத் தெரிந்து அவர்தான்.

 

சரி, கத்தி. பின்மண்டை மயிர்க்கால்கள் டிஹெச்டியின் பேச்சைக் கேட்பதில்லை என்று இப்போது தெரிகிறது. உச்சியில் இருப்பவை பரம்பரையாகவே அதற்குப் பணிந்து, சுற்றுக்குச் சுற்று சிறுத்து, பூனைமுடியாகிவிடுகின்றன. அப்படியானால், பணியாத மயிர்க்காலை எடுத்து உச்சியில் வைத்தால் என்ன ஆகும்? மண்ணின் குணம் ஏறுமா, விதையின் குணம் நிற்குமா?

நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் இதைத்தான் 1952-இல் ஒருவர் தலையில் செய்து பார்த்தார். 4 மில்லிமீட்டர் குறுக்களவில் தோலை வட்டவட்டமாக வெட்டி இடம் மாற்றினார். பின்மண்டைத் துண்டு உச்சிக்கு வந்தும் முடி வளர்த்துக்கொண்டே இருந்தது. வழுக்கைத் துண்டைப் பின்மண்டையில் வைத்தால் அங்கேயும் அது வழுக்கைதான். புகுந்த வீட்டுக்கு வந்து எத்தனை வருஷமானாலும் பிறந்த வீட்டுச் சமையலையே சமைக்கும் மருமகளைப் போல. 1959-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைக்கு நடக்கும் ஒவ்வொரு முடி நடவும் அந்த ஒற்றை உண்மையின் மேல்தான் நிற்கிறது. (இதே ஓரன்ட்ரைக்கின் ‘வோக்’ பத்திரிகைப் பேட்டியிலிருந்துதான் 1968-இல் கிளினிக் அழகுசாதன நிறுவனம் முளைத்தது. அழகுத் தொழிலுக்கு இரண்டு பக்கமும் வேலிபோட்ட மனுஷர்!)

அவருக்கு முன்பே, 1939-இல், ஜப்பானின் ஷோஜி ஒகுடா தீக்காயத் தழும்புகளில் இப்படிச் சிறு வட்டங்களாகத் தோலை வைத்து முடி வளர்த்திருந்தார். ஜப்பானிய மொழியில் எழுதினார், போர் மூண்டது, மேற்கில் யாரும் படிக்கவில்லை. அவருடைய வட்டங்கள் ஓரன்ட்ரைக்கினுடையதைவிடச் சிறியவையாகவும் இருந்தன. அது சாதாரண விஷயமில்லை. 4 மில்லிமீட்டர் துண்டு ஒன்றில் பத்துப் பதினைந்து முடி கொத்தாக நிற்கும். சுற்றிலும் வெறும் தோல். பொம்மைத் தலையில் தைத்த முடி மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் செய்துகொண்டவர்களின் படங்களைப் பார்த்தால் வழுக்கையே தேவலை என்று தோன்றும். முடி இயற்கையிலேயே ஒன்று முதல் நாலு வரை சிறு சிறு குழுவாகத்தான் முளைக்கிறது, அந்தக் குழுவைக் கலைக்காமல் நடவேண்டும் என்ற ஞானம் வர 1980-கள் வரை ஆனது.

மாத்திரைக்காக இவ்வளவு இடத்தைத் தின்றதற்கு ஒரு நியாயம் உண்டு. நட்ட முடி நிற்கும். அதைச் சுற்றி ஏற்கெனவே இருந்த உச்சி முடி நிற்காது. அது டிஹெச்டிக்குப் பணிந்த இனம். இருபத்திரண்டு வயதில் முன்நெற்றியில் மட்டும் நட்டுக்கொண்டு மருந்தை மறந்தவருக்கு, முப்பத்தைந்தில் முன்னால் ஒரு வரப்பு, பின்னால் ஒரு தரிசு என்று தலை பிரிந்துவிடும். திரும்ப நடலாம்தான். ஆனால் பின்மண்டைச் சேமிப்புக்கு எல்லை உண்டு. எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. அதனால்தான் நல்ல மருத்துவர்கள் சின்ன வயசுக்காரர்களைப் பார்த்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முதலில் மருந்தைப் பற்றிப் பேசுகிறார்கள். வந்த அன்றைக்கே அட்வான்ஸ் கேட்டு, “லைஃப்டைம் கேரண்டி” கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன.

பின்மண்டையில் நீளமாகத் தோலை வெட்டி எடுப்பதா, ஒவ்வொரு மயிர்க்காலாகக் குடைந்து எடுப்பதா. குடைவது டாக்டரா, டெக்னீஷியனா. 2016-இல் சென்னையில் முடி நட்டுக்கொள்ளப் போன மருத்துவ மாணவர் ஒருவர் இறந்த பிறகும் சலூன் மாடிகளில் இது நடப்பது எப்படி. யார் செய்யலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் என்ன சொன்னது. இத்தனையும் அடுத்த வாரம். முன்பணம் கட்ட நினைத்திருப்பவர்கள் அதுவரை பர்ஸைத் திறக்க வேண்டாம்.