பழைய நாற்காலிக்கு வெள்ளிப் பொலிவு

(பத்தாம் வகுப்பு மாணவி)

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பது பழமொழி. மின்னுவதெல்லாம் வெள்ளியும் அல்ல என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் நான் கற்றுக்கொண்டேன். மரச் சாமான்களுக்குப் பழைய வெள்ளியின் தோற்றத்தைத் தரும் வண்ணப்பூச்சைப் பற்றி இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் கை வைத்த மர நாற்காலி ஒன்று உண்டு. மாமரத்தில் செய்தது. முதலில் தாத்தாவுடையது, அவர் மறைந்தபின் அம்மாச்சியுடையது. அதில் அமர்ந்துதான் அம்மாச்சி மாலைதோறும் செபமாலை சொல்லுவார்கள். கிறிஸ்துமஸ் தோறும் ஒவ்வொரு வண்ணமாகப் பூசியதால், பச்சையும் நீலமும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தன. "பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடலாம்" என்றார் அப்பா. அம்மாச்சி ஒன்றும் பேசவில்லை. "ஒரு மாதம் தவணை கொடுங்கள், அப்பா" என்று நான் கேட்டுக்கொண்டேன்.

வெள்ளி ஆசனங்களின் கதை

பிரான்சு நாட்டு மன்னர் பதினான்காம் லூயி, வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தை வெள்ளியாலான மேசைகளாலும் விளக்குத் தண்டுகளாலும் அலங்கரித்திருந்தார். போர்ச் செலவுக்குப் பணம் போதாமல் 1689இல் அவற்றையெல்லாம் உருக்கி நாணயமாக்கிவிட்டார். நம் நாட்டில் மரத்தால் செய்து மேலே வெள்ளித் தகடு போர்த்தும் வழக்கம் உண்டு. ராஜஸ்தான் அரண்மனை ஆசனங்களும் தமிழ்நாட்டுக் கோயில்களின் வெள்ளி வாகனங்களும் இவ்வாறு செய்யப்பட்டவையே.

நம்மைப் போன்றோர்க்குக் கைகொடுப்பது அலுமினியம். 1886இல் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் ஏரு என்பவரும் மின்சாரத்தின் உதவியால் அலுமினியத்தைப் பிரிக்கும் முறையைத் தனித்தனியே கண்டறிந்தனர். அதன்பின் அந்த உலோகம் மலிவாயிற்று. நம் வீட்டு இரும்புக் கதவுகளுக்குப் பூசும் 'சில்வர் பெயிண்ட்'டில் இருப்பது அலுமினியமே. வெள்ளி ஒரு துளியும் இல்லை. அதிலுள்ள மிக நுண்ணிய தட்டைத் துணுக்குகள் மேலே மிதந்து, மீன் செதில்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. அதனால்தான் அது பளபளக்கிறது.

பழைய வெள்ளி என்பது எது?

பளபளப்பு மட்டும் இருந்தால் அது இரும்புக் கதவைப் போலத்தான் தோன்றும். பழமை எங்கிருந்து வருகிறது? இதற்கு விடையை நம் பள்ளிச் சிற்றாலயத்தில் கண்டேன். திருநாளுக்கு முன் ஒரு நாள், வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துலக்க சிஸ்டருக்கு உதவினேன். எவ்வளவு துலக்கினாலும் கொடி வேலைப்பாட்டின் பள்ளங்களில் கறுப்பு தங்கியிருந்தது. அந்தக் கறுப்பினால்தான் இலையும் பூவும் எடுப்பாகத் தெரிந்தன.

காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்னும் கரிய படலத்தை உண்டாக்குகின்றன. நம் கொலுசு கறுப்பதும் இதனாலேயே. கை படும் மேடுகள் தேய்ந்து ஒளிர்கின்றன. கை எட்டாத பள்ளங்கள் இருண்டு கிடக்கின்றன. அலுமினியம் இவ்வாறு கறுப்பதில்லை. ஆகையால் அந்த இருளை நாம்தான் வைக்க வேண்டும்.

என் முதல் தோல்வி

ஆர்வ மிகுதியால் தூசியை மட்டும் துடைத்துவிட்டு, பழைய வண்ணத்தின் மேலேயே வெள்ளிப் பூச்சைப் பூசினேன். ஒரு நாள் நாற்காலி ஜொலித்தது. எட்டாம் நாள் அம்மாச்சி எழுந்தபோது, பூச்சு உரிந்து அவர்களுடைய வெள்ளைச் சேலையோடு வந்தது! நான் அழுதுவிட்டேன். எங்கள் தெரு ஆசாரி மாமா பார்த்துச் சிரித்தார். "அடியில இருக்கிறது ஆடிச்சுன்னா மேல இருக்கிறது எப்படிம்மா நிக்கும்?" என்றார். அவர் சொல்லித் தந்த முறை இதுதான்.

செய்முறை

1. சோப்புத் தண்ணீரால் கழுவி நன்கு காய விட வேண்டும். பிறகு உதிரும் வண்ணத்தை நீக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம்; அதன் தூசி குழந்தைகளுக்குத் தீங்கு. (பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.) ஆகவே தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரால், வீட்டுக்கு வெளியே தேய்க்க வேண்டும். இந்த வேலையை அப்பாவே முகமூடி அணிந்து செய்து தந்தார்.

2. மரம் காய்ந்தபின் ஓட்டைகளுக்குப் பட்டி பார்த்து, மரத்தின் ரேகை ஓடும் போக்கிலேயே உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் ஒரு கை பூச வேண்டும்.

3. அதன்மேல் கறுப்பு வண்ணம் ஒரு கை. பிறகு வெள்ளிப் பூச்சை மெல்லியதாக இரண்டு கை. ஒவ்வொரு கைக்கும் இடையே ஒரு நாள் காய வேண்டும். எல்லாம் காய்ந்ததும் நிறமற்ற வார்னிஷ் ஒரு கை.

4. வார்னிஷ் நன்றாக இறுகிய பின், கறுப்பு எண்ணெய் வண்ணத்தோடு சிறிது பழுப்பு சேர்த்து டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, சிறு சிறு பகுதியாகத் தடவ வேண்டும். உடனே பழைய பருத்தித் துணியால் மேடுகளைத் துடைத்துவிட வேண்டும். பள்ளங்களில் மட்டும் கறுப்பு தங்கும்.

5. அது காய்ந்தபின் மீண்டும் வார்னிஷ். எண்ணெய்த் துணிகளைக் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். அவற்றைத் தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்த வேண்டும்.

தேக்கு, ஈட்டி முதலிய நல்ல மரங்களுக்கு இப்பூச்சு வேண்டாம். அவற்றுக்குத் தம் அழகே போதும்.

பூசாத இடம்

இரண்டாம் முறை தொடங்கும்போது அம்மாச்சி நாற்காலியின் கைகளைத் தடவிப் பார்த்தார்கள். எத்தனை வண்ணம் பூசியும் அங்கே ஒன்றும் நிற்கவில்லை. மரம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. "இதை மட்டும் மூடிடாதேம்மா. உங்க தாத்தா கை பட்டுத் தேய்ஞ்ச இடம்" என்றார்கள்.

எனக்குச் சட்டென்று சிற்றாலயத்து மெழுகுவர்த்தித் தண்டு நினைவுக்கு வந்தது. கை பட்டுத் தேய்ந்தது போன்ற தோற்றத்தை உண்டாக்க நான் ஒரு மாதம் பாடுபட்டேன். உண்மையாகவே கை பட்டுத் தேய்ந்த இடமோ என் கண் முன்னேயே இருந்தது! அந்த இரண்டு கைகளுக்கும் வண்ணம் பூசாமல் தேன்மெழுகு மட்டும் தேய்த்தேன்.

இப்போது நாற்காலி சன்னலோரம் இருக்கிறது. அப்பா பழைய சாமான்காரர் பேச்சையே எடுப்பதில்லை. தோழியரே, உங்கள் வீட்டுப் பழைய பொருளுக்கும் நீங்கள் புதுப் பொலிவு தரலாம். ஆனால் தூரிகையை எடுக்குமுன், அதைப் பயன்படுத்திய பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எதை மூட வேண்டும், எதை மூடக்கூடாது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.