இருளைத் தேடிச் செல்வோம்

நம் இல்லத்துக் குழந்தையை அழைத்து, “உன் நட்சத்திரம் யாது?” என்று வினவினால், “ரோகிணி” என்றோ “திருவாதிரை” என்றோ தயங்காது விடை பகரும். பிறந்தநாள் தோறும் கோயில் அருச்சனையில் கேட்டுக் கேட்டு மனத்திற் பதிந்த பெயரன்றோ அது! ஆனால், “அந்த ரோகிணி வானில் எங்கே உள்ளது?” என்று அடுத்த வினாவைத் தொடுத்துப் பார்ப்போம். குழந்தை மட்டுமா விழிக்கும்? பெற்றோராகிய நாமும் விழிப்போம். பெயர் நம்மிடம் இருக்கிறது. பெயருக்குரிய பொருள் நம் கண்ணுக்கு எட்டாமற் போயிற்று.

இக்குறை நம்முடைய அறியாமையால் மட்டும் நேர்ந்ததன்று. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் நாம் வாழும் தெருக்களில் இரவு என்பதே இல்லை. தெருவிளக்கும் விளம்பர விளக்கும் மேல்நோக்கி வீசும் ஒளி, காற்றிலுள்ள தூசியிலும் புகையிலும் பட்டுச் சிதறி, நகரின் மேல் ஒரு வெண்குடைபோற் கவிந்து நிற்கின்றது. அக்குடையைத் துளைத்து வரும் விண்மீன்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே. பால்வெளி மண்டலத்தை ஒருமுறையேனும் கண்ணாற் காணாமலே வளர்ந்துவிட்ட இளைஞர் நம்மிடையே பலர் உளர்.

ஆதலின், ஆண்டுக்கு ஓரிரவேனும் குடும்பத்தோடு இருளைத் தேடிச் செல்லுதல் வேண்டும் என்பது நம் கருத்து. அதற்கு ஏற்ற இரவுகளும் இடங்களும் எவை என்பதைச் சற்று ஆராய்வோம்.

எரிமீன் மழை

விண்மீன் “விழுகிறது” என்று நாம் சொல்வது வழக்கே ஒழிய, விண்மீன் எதுவும் விழுவதில்லை. வால்வெள்ளிகள் ஞாயிற்றைச் சுற்றிச் செல்லும் வழியெங்கும் மணலைப் போன்ற துகள்களைச் சிந்திச் செல்கின்றன. நிலவுலகம் ஆண்டுதோறும் அவ்வழியைக் கடக்கும்போது, அத்துகள்கள் நம் காற்று மண்டலத்தில் பாய்ந்து, தரையினின்றும் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிவிட்டு அழிகின்றன. இதுவே எரிமீன் மழை.

பண்டைத் தமிழர் இதனைக் கூர்ந்து நோக்கியவர்கள். புறநானூற்றின் 229ஆம் பாட்டில், கூடலூர் கிழார் என்னும் புலவர், வானினின்றும் மீன் ஒன்று வீழ்ந்த நேரத்தை விண்மீன்களின் நிலையோடு சேர்த்துக் குறிக்கின்றார். அதனைத் தம் சேர மன்னனின் இறுதிக்கு அறிகுறியாகக் கண்டு அவர் கலங்கினார். இன்று நமக்கு அவ்வச்சம் வேண்டுவதில்லை. அவருடைய கூரிய பார்வை மட்டும் வேண்டும்.

எரிமீன் மழைகளுள் தலையாயது டிசம்பர் 13, 14 தேதிகளையொட்டிய இரவில் பொழிவது. மிதுன ராசியில், புனர்பூச நட்சத்திரத்தின் அருகிலிருந்து சிதறுவதுபோல் அது தோன்றும். ஏனையவற்றுட் பெரும்பாலானவற்றைப் போலன்றி, 1983இல் கண்டுபிடிக்கப்பட்ட பேயத்தான் என்னும் சிறுகோளிலிருந்து இதன் துகள்கள் வருகின்றன. மிக இருண்ட வானில், புனர்பூசம் உச்சியில் நிற்கும் வேளையில், மணிக்கு நூறுக்கு மேல் காணலாம் என்பர். அதிற் பாதி கிடைப்பினும் அது பெருஞ்செல்வமே. முன்னிரவிலேயே தொடங்கி, பின்னிரவு இரண்டு மணியளவில் இம்மழை உச்சத்தை அடையும். மார்கழிக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக வருவதால், திருப்பாவைக்கு விடியலில் எழும் நம் இல்லத்தார்க்கு இது ஒரு முன்பயிற்சியும் ஆகும்!

இதில் வெளியூர்த் தமிழர்க்கு ஒரு நற்பேறும் உண்டு. அந்நாளில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை முற்றும் ஓய்ந்திராது. மேகம் மறைக்கக் கூடும். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் ராஜஸ்தானிலுமோ வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். இதற்கு மாறாக, ஆகஸ்ட் 12, 13இல் வரும் புகழ்பெற்ற மழையை, தென்மேற்குப் பருவ மேகங்கள் நாட்டின் பெரும்பகுதியிலும் மறைத்துவிடுகின்றன.

இன்னும் இரண்டு நாட்களைக் குறித்துக்கொள்வது நன்று. மே 6ஐ ஒட்டிய விடியற்காலையிலும், அக்டோபர் 21ஐ ஒட்டிய பின்னிரவிலும் தோன்றும் எரிமீன்கள் ஹாலி வால்வெள்ளி சிந்திய துகள்களே. 1986இல் வந்து சென்ற அவ்வால்வெள்ளி மீண்டும் 2061இல்தான் வரும். அதுவரை காத்திராமல், அதன் பொடியையாவது நம் குழந்தைகள் ஆண்டுக்கு இருமுறை காணலாம்.

இடம் தேர்தல்

முதலில் நிலவைக் கவனித்தல் வேண்டும். முழுநிலா ஒளியில் எரிமீன்களுட் பெரும்பாலானவை மறைந்துபோம். வீட்டிலுள்ள பஞ்சாங்கத்தைப் புரட்டி, அமாவாசையை ஒட்டிய நாளாக உள்ளதா எனப் பார்க்க. எரிமீன் மழை இல்லாவிடினும், அமாவாசைக்கு அண்மையிலுள்ள சனிக்கிழமை இரவு எதுவும் விண்மீன் காண ஏற்றதே.

இரண்டாவது, பெருநகரிலிருந்து அறுபது எழுபது கிலோமீட்டரேனும் விலகிச் செல்லுதல் வேண்டும். நகருக்கும் நமக்கும் இடையே ஒரு மலைத்தொடர் நிற்குமாயின் மிக நன்று. நெடுஞ்சாலை, தொழிற்சாலை, சுங்கச்சாவடி ஆகியவற்றின் அருகு ஆகாது. இருளை அளக்கக் கருவியும் தேவையில்லை. கார்த்திகைக் கூட்டத்தை நோக்குக. ஆறு மீன்களும் தனித்தனியே தெரிந்தால் வானம் நல்ல வானம். வெறும் புகைத்திட்டாகத் தெரிந்தால் இன்னும் சில கல் தொலைவு செல்க.

மும்பை அன்பர்க்குக் கர்ஜத் ரயில் பாதையிலுள்ள வாங்கணி நெடுநாளாக அறிமுகமான இடம். அங்குள்ள வானியல் ஆர்வலர் பல்லாண்டுகளாக அவ்வூரில் இரவுக் கூட்டங்கள் நடத்தி வந்துள்ளனர். நகரம் அத்திசையிலும் பரவி வருதலின், சஹ்யாத்ரி மலையைக் கடந்து பந்தர்தரா வரை செல்வோர்க்குப் பயன் மிகுதி. நாகபுரியில் வாழ்வோர் பேறு பெற்றவர்கள். அண்மையிலுள்ள பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் மகாராஷ்டிரப் பகுதி, 2024 ஜனவரியில், இந்தியாவின் முதல் பன்னாட்டு இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. தில்லி அன்பர்க்கு ராஜஸ்தானத்துச் சரிஸ்காவின் சுற்றுப்புறமும், கொல்கத்தா அன்பர்க்குப் புருலியா மாவட்டத்து அயோத்தியா மலைப்பகுதியும் உதவும். குஜராத்தில் கட்ச் வெண்ணிற உப்புப் பரப்புக்கு மக்கள் பௌர்ணமியில் திரள்வர். நாம் அமாவாசையில் செல்வோமாக.

பெங்களூர் அன்பர்கள் எல்லை கடந்து தமிழகத்து ஜவ்வாது மலைக்கு வரலாம். அங்குள்ள காவலூரில்தான் 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோளின் வளையங்களுக்குச் சான்று தரும் பதிவுகள் எடுக்கப்பெற்றன. இந்தியாவிலேயே உருவான 2.3 மீட்டர் தொலைநோக்கியும் அங்கேயே நிற்கின்றது.

இவையனைத்திலும் மேலான இடம் லடாக்கிலுள்ள ஹான்லே. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் அங்கு வானாய்வகம் அமைந்துள்ளது. 2022இல் அப்பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது. அவ்வூர் மக்கள் தம் விளக்குகளுக்கு மூடியிட்டு, ஜன்னல்களுக்குத் திரையிட்டு, தொலைநோக்கி இயக்கவும் பயின்று, வருவோர்க்கு வானத்தைக் காட்டுகின்றனர். இருளே அவ்வூரின் வருவாயாயிற்று! ஆயின், உயரமான இடமாதலின் இதய நோயும் மூச்சுத் தொல்லையும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாது செல்லுதல் தகாது.

சென்றபின் செய்வன

இடத்தைப் பகலிலேயே பார்த்துவைத்தல் வேண்டும். நிலத்துக்கு உடையவரிடம் இசைவு பெறுக. காட்டுக்குள் இரவில் நுழைதல் சட்டப்படியும் தவறு, உயிருக்கும் இடர். தனிக் குடும்பமாகச் செல்லாது, நான்கைந்து குடும்பங்கள் கூடிச் செல்லுதல் நலம். பாம்பு முதலியவற்றுக்கு அஞ்சிப் புதர் நீங்கிய திறந்தவெளியைத் தேர்க. ஜமுக்காளம், கம்பளி, குடுவையில் சூடான காப்பி, தூக்கில் புளியோதரை இவை போதும். தொலைநோக்கி வேண்டுவதில்லை, எரிமீனுக்கு விரிந்த பார்வையே தேவை. மல்லாந்து படுத்து உச்சி வானை நோக்குக.

கண் இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். இடையில் ஒருமுறை கைப்பேசியைத் திறந்தாலும் அப்பழக்கம் கெட்டு, மீண்டும் காத்திருக்க நேரும். கைவிளக்கின் முகப்பில் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டால் இத்தொல்லை குறையும்.

காத்திருக்கும் வேளையே நம் குழந்தைகளுக்குப் பாடவேளை. டிசம்பர் இரவில் கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை, புனர்பூசம் என ஐந்தும் அடுத்தடுத்து வானில் நிற்கும். பங்குனி, சித்திரை இரவுகளில் சப்தரிஷி மண்டலம் வடக்கே உயர்ந்து, வசிட்டரை ஒட்டி அருந்ததி தெரியும். திருமணப் பந்தலில், பட்டப்பகலில், காணாமலே “கண்டோம்” என்று தலையசைத்த தம்பதியர் அன்று அவளை மெய்யாகவே காணலாம்.

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு வானம் மற்றொன்றும் உணர்த்தும். துருவ மீன் கன்னியாகுமரியில் அடிவானத்தினின்றும் 8 பாகை உயரத்தில்தான் நிற்கும், சென்னையில் 13, தில்லியில் 28க்கு மேல். அகத்திய மீனோ இதற்கு மாறாக, மாசி இரவில் சென்னையில் 24 பாகை வரை உயர்ந்து விளங்கும். தில்லியிலோ 9 பாகைக்கும் தாழ்ந்து, மரங்களின் பின் மறைந்து நிற்கும். எத்தனை தொலைவு வந்துள்ளோம் என்பதை இவ்விரு மீன்களும் கணக்காகக் காட்டிவிடும்.

நம் மொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வகுப்பு நடத்துகின்றோம். இசைக்கும் நடனத்துக்கும் ஆசிரியர் தேடுகின்றோம். நம் நட்சத்திரங்களைக் கற்பிக்கக் கட்டணமும் இல்லை, மேடையும் இல்லை. அமாவாசையை ஒட்டி ஓர் இரவும், விளக்கில்லாத ஒரு வெளியும், நட்சத்திரங்களின் பெயர் அறிந்த முதியவர் ஒருவரும் போதும். அத்தகைய முதியவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே அடுத்த அமாவாசைக்கு நாள் குறிப்போமாக.