நலிவுக் காலத்தில் மேளமும் மன்றமும்

2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அரசாங்கம் அறிவித்தது. மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபாவாயிற்று. மின்சாரம் ஒரே நாளிற் பதின்மூன்று மணி நேரம்வரை தடைப்பட்டது. மண்ணெண்ணெய்க்கு மக்கள் வரிசையில் நின்ற அந்நாளிற் கூத்தையும் மேளத்தையும் பற்றிக் கவலைப்படுவது தகுமோ என்று நேயர்களிற் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஆயினும் கலையும் ஒரு தொழில். அதனாற் சோறுண்ணும் குடும்பங்கள் குடாநாட்டிற் பல.

யாழ்ப்பாணத்திற் கலையைப் பேணிவந்தது பெரும்பாலும் அரசாங்கம் அன்று, கோயில். கொடியேறிவிட்டால் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்தாரின் அல்லது ஒரு பகுதியாரின் உபயம். நாதசுர, தவிற் கூட்டங்களை அமர்த்துவோர் அவ்வுபயகாரரே. ஒருவர் இரண்டு கூட்டம் பிடித்தால் மறுநாட்காரர் நான்கு கூட்டம் பிடிப்பார். வீண் ஆடம்பரம் என்று அதனைக் கடிந்தோர் உண்டு. ஆனால் அளவெட்டியிலும் இணுவிலிலும் தலைமுறை தலைமுறையாகத் தவில் முழங்கியமைக்கும், தெட்சணாமூர்த்தி போன்ற மேதை ஒருவர் தோன்றியமைக்கும் அந்தப் போட்டியும் ஒரு காரணம் என்பதை மறுத்தல் அரிது. வி. வி. வைரமுத்துவின் வசந்த கான சபா அரிச்சந்திர மயான காண்டத்தை எண்ணற்ற முறை மேடையேற்றியதும் ஊர்தோறும் இத்தகைய ஆதரவு இருந்தமையாலேயே.

நலிவு வந்ததும் முதலில் அறுவது இந்த நூல்தான். நான்கு கூட்டம் ஒன்றாகும். உபயகாரரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் கழிக்கப்படுபவர் பெயர்பெற்ற வித்துவான் அல்லர். இரண்டாந் தவில் வாசிக்கும் இளைஞர். அவர் மேசன் வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டால், பத்தாண்டு கழித்து மேளம் பிடிக்கப் பணம் இருக்கும். வாசிக்க ஆள் இராது.

அமெரிக்காவிற் பெருமந்தக் காலத்தில், 1935 முதல் 1939 வரை நடந்த கூட்டாட்சி நாடகத் திட்டம் இதனை உணர்ந்திருந்தது. வேலையிழந்த நடிகருக்கும் மேடைத் தொழிலாளருக்கும் அது சம்பளம் கொடுத்தது. இங்கோ கொடையாளர் மனம் கட்டடத்தையே நாடுகின்றது. இந்திய உதவியுடன் யாழ்ப்பாண நகரில் எழுந்து, 2023 பெப்புருவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்ட பண்பாட்டு மையத்தில் 600 பேர் அமரும் அரங்கு உண்டு. வரவேற்கத்தக்கதே, எனினும் மண்டபம் ஒத்திகைக்குத் தேநீர் ஊற்றாது.

புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 20,000 ரூபாவாயிருந்த நூறு டொலர், 36,000 ரூபாவாயிற்று. ஆனால் செப்டெம்பர் மாதமளவிற் கொழும்பு விலைவாசி முந்திய ஆண்டினும் ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தது. கூடிய தொகையிற் பெரும்பகுதியை விலையேற்றம் விழுங்கிவிட்டது. ஆதலால் ஒருமுறை அனுப்பும் பெருந்தொகையிலும், மாதந்தோறும் வரும் சிறுதொகையே மன்றத்துக்கு உறுதி.

உபயகாரர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அடுத்தடுத்த இரு நாட்காரர் சேர்ந்து ஒரு கூட்டத்தைக் குறையாமல் அமர்த்தலாம். அச்சாரத்தைத் திருவிழா நெருங்கும்வரை வைத்திராது, தைப்பொங்கலோடு கொடுத்துவிடலாம். ஆடித் திருவிழாவுக்கு அவ்விளைஞர் ஊரில் இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் அந்தத் தை மாதத்திலேயே தீர்மானமாகின்றது.