அம்மா, பொழுதே போகலை!

மும்பை தாராவியில் எங்கள் வகுப்பு நடக்கிறது. மாலை 4 மணிக்குத் தொடங்குவோம். ஒரு சின்ன அறை. 15 பேர் படிக்கிறார்கள். இட்லி வியாபாரம் செய்பவர்கள் உண்டு. வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. தையல் வேலை செய்பவர்களும் உண்டு. பிள்ளைகளைத் தனியே விட்டு வர முடியாது. அதனால் பிள்ளைகளும் கூடவே வருவார்கள்.

ஒரு நாள் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தோம். ஏழு வயதுப் பையன் ஒருவன் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா, போரடிக்குதும்மா! பொழுதே போகலை!"

அம்மா எழுதுவதை நிறுத்தினார். இடுப்பில் இருந்த போனை எடுத்தார். பையன் கையில் கொடுத்தார். பையன் அமைதியானான்.

வகுப்பு முடிந்தது. அந்த அக்கா என்னிடம் வந்தார்.

"டீச்சர், இவனுக்குத் தனியா ஒரு போன் வாங்கலாம்னு இருக்கேன். தவணையில குடுக்கிறாங்க. என் போன் இவன் கையிலயே இருக்கு. இட்லிக்கு ஆர்டர் சொல்றவங்க கூப்பிட்டா கட் பண்ணிடுறான்."

"போன் இல்லைன்னா என்ன செய்வான் அக்கா?"

"போரடிக்குதுன்னு என் உயிரை எடுப்பான்."

வகுப்பிலேயே மூத்தவர் ஒரு பாட்டி. அவர் சிரித்தார்.

"போரடிச்சா அடிக்கட்டுமே. அதுக்குப் போய் யாராவது கடன் வாங்குவாங்களா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் பாட்டி கேட்டது நல்ல கேள்வி. பிள்ளைக்குப் பொழுது போகவில்லை என்றால் அது நோயா? உடனே மருந்து கொடுக்க வேண்டுமா? வாருங்கள், யோசிப்போம்.

பொழுது போகவில்லை என்றால் என்ன?

வயிறு காலியானால் பசிக்கிறது. பசி ஒரு செய்தி. "எனக்கு உணவு வேண்டும்" என்று உடம்பு சொல்கிறது.

பொழுது போகாததும் ஒரு செய்திதான். "எனக்கு ஏதாவது செய்ய வேண்டும். என்ன செய்வது என்று தெரியவில்லை" என்று மனசு சொல்கிறது. இது பிள்ளைக்குப் பிடிக்காது. அழும். சிணுங்கும். தரையில் உருளும். நம்மைச் சுற்றிச் சுற்றி வரும்.

கொஞ்ச நேரம் நாம் பொறுத்திருந்தால் என்ன ஆகும்? பிள்ளையின் கண் சுற்றிலும் தேடும். ஒரு மூடி கிடைக்கும். ஒரு நூல் கிடைக்கும். ஓர் எறும்பு வரிசை கண்ணில் படும். விளையாட்டு தொடங்கிவிடும். அந்த விளையாட்டை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளையே கண்டுபிடித்தது.

மாவு புளிக்கும் நேரம்

இதை எப்படி விளக்குவது என்று நான் யோசித்தேன். எங்கள் வகுப்பு அக்காக்களின் தொழிலே எனக்குக் கை கொடுத்தது.

"அக்கா, மாவு அரைச்சதும் இட்லி ஊத்துவீங்களா?"

"அது எப்படி? ராத்திரி முழுக்க வைக்கணும். மாவு புளிக்கணும். பொங்கி வரணும்."

"அந்த நேரத்துல நீங்க என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டோம். மூடி வச்சிட்டுத் தூங்குவோம். சும்மா சும்மா திறந்து கிண்டினா மாவு கெட்டுப்போகும்."

பிள்ளையின் மனசும் அப்படித்தான். வெளியே பார்த்தால் சும்மா இருப்பது போலத் தெரியும். உள்ளே வேலை நடக்கும். நாம் சும்மா இருக்கும்போது மூளை தூங்கிவிடுவதில்லை. நடந்ததை நினைக்கிறது. நடக்கப்போவதைக் கற்பனை செய்கிறது. ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போடுகிறது. மூளையைப் படம் பிடித்துப் பார்த்த அறிவியலாளர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2014ஆம் ஆண்டு வெளியானது. பெரியவர்கள் சிலரை அழைத்தார்கள். தொலைபேசி எண்களைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். 15 நிமிடம் அதே வேலை. எல்லோருக்கும் அலுத்துப் போயிற்று. பிறகு இரண்டு பிளாஸ்டிக் கோப்பைகளைக் காட்டினார்கள். "இவற்றை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?" என்று கேட்டார்கள். எண்கள் எழுதாத இன்னொரு குழுவிடமும் இதையே கேட்டார்கள். அலுத்துப் போனவர்கள்தான் அதிக வழிகளைச் சொன்னார்கள்.

ஒரு சோதனையை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் நம் அனுபவமும் இதைத்தானே சொல்கிறது?

தாகூரின் சன்னல்

நம் நாட்டுப் பண்ணான "ஜன கண மன" பாடலை எழுதியவர் ரவீந்திரநாத் தாகூர். 1861ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். பெரிய வீடு. வசதியான குடும்பம். ஆனால் சின்ன வயதில் அவரை வேலைக்காரர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவர் ஒரு தந்திரம் செய்வார். சிறுவனை ஓர் இடத்தில் உட்கார வைப்பார். சுற்றிலும் சாக்குக் கட்டியால் வட்டம் போடுவார். "கோட்டைத் தாண்டினால் ஆபத்து" என்று மிரட்டுவார். கோட்டைத் தாண்டிய சீதைக்கு என்ன ஆயிற்று என்று சிறுவனுக்குத் தெரியும். அதனால் பயந்து உள்ளேயே இருப்பான்.

பக்கத்தில் ஒரு சன்னல். கீழே ஒரு குளம். கரையில் ஓர் ஆலமரம். நாள் முழுக்க அவன் அதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

குளிக்க ஒவ்வொருவராக வருவார்கள். ஒருவர் காதை விரலால் அடைத்துக்கொண்டு முங்குவார். இன்னொருவர் தண்ணீரில் இறங்கவே மாட்டார். துண்டை நனைத்துத் தலையில் பிழிந்துகொள்வார். வேறொருவர் மேல்படியில் இருந்தே தொப்பென்று குதிப்பார். எல்லோரும் போன பிறகு வாத்துகள் மட்டும் இருக்கும். ஆலமரத்து விழுதுகளுக்கு நடுவே இருட்டு. அங்கே என்னவெல்லாம் இருக்கும் என்று சிறுவன் கற்பனை செய்வான்.

வளர்ந்த பிறகு தாகூர் தன் வாழ்க்கை நினைவுகளை எழுதினார். அந்தக் குளத்தையும் மரத்தையும் அதில் எழுதியிருக்கிறார். பல ஆண்டுகள் ஆகியும் அவர் மறக்கவில்லை. 1913ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிள்ளையை வட்டம் போட்டு அடைப்பது சரியா? சரியில்லை. தாகூரும் அதை விரும்பவில்லை. 1901ஆம் ஆண்டு சாந்திநிகேதனில் அவர் பள்ளி தொடங்கினார். அங்கே மரத்தடியில் பாடம் நடந்தது. நாம் கற்க வேண்டியது வேறு. கையில் ஒன்றும் இல்லாத பிள்ளைகூட கண்ணாலும் மனசாலும் எவ்வளவோ சேர்த்துக்கொள்ளும்.

காசில்லாத பொம்மை

"எங்க கிட்ட பொம்மை வாங்கக் காசில்லையே" என்று ஓர் அக்கா வருத்தப்பட்டார்.

அரவிந்த் குப்தா என்று ஒருவர் இருக்கிறார். கான்பூரில் பொறியியல் படித்தவர். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டக் கிராமப் பள்ளிகளில் 1972ஆம் ஆண்டு ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. அவர் அங்கே போனார். வாரச் சந்தையில் என்ன விற்கிறது என்று பார்த்தார். சைக்கிள் வால்வு டியூபை வாங்கினார். தீக்குச்சிகளோடு சேர்த்தார். முக்கோணம், சதுரம், வீடு என்று பல வடிவங்கள் செய்து காட்டினார். பிறகு பழைய செய்தித்தாள், காலிப் பாட்டில், உடைந்த செருப்பு எல்லாமே அவர் கையில் பொம்மை ஆயின. 2018ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கடைப் பொம்மை ஒரு வேலைதான் செய்யும். தீப்பெட்டி பத்து வேலை செய்யும். இன்றைக்கு வண்டி. நாளைக்கு வீடு. மறுநாள் கட்டில்.

போன் கொடுத்தால் என்ன?

போன் கெட்ட பொருள் இல்லை. ஊரில் இருக்கும் ஆயாவிடம் பிள்ளை பேசுகிறது. நல்லதுதான்.

ஆனால் "போரடிக்குது" என்றதும் போன் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு படம் முடிந்ததும் அடுத்த படம் தானே வரும். பிள்ளை எதையும் தேட வேண்டியதில்லை. தேடும் பழக்கம் வளராது. பொறுமை வளராது. நாளைக்கு இன்னும் சீக்கிரமாக "போரடிக்குது" என்று சொல்லும்.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு சொன்னதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2 வயது ஆகும் வரை பிள்ளைக்குப் போன், டி.வி. வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதற்கும் குறைந்தால் இன்னும் நல்லது.

கவனம் தேவை

"சும்மா விடுங்கள்" என்றால் "கைவிடுங்கள்" என்று பொருள் இல்லை.

பசியோடு இருக்கும் பிள்ளைக்கு முதலில் சோறு வேண்டும். காய்ச்சலோடு சோர்ந்து கிடந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். எப்போதும் தனியாக, யாரோடும் பேசாமல் இருந்தால் என்ன வருத்தம் என்று கேட்க வேண்டும். "போரடிக்குது" என்று சொல்லும் பிள்ளைக்குச் சில நேரம் வேண்டியது அம்மாவின் மடிதான். அதையும் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவில் சாக்கடை உண்டு. மின்கம்பி உண்டு. வண்டிகள் வரும். பெரியவர் கண் பார்வையில்தான் பிள்ளைகள் விளையாட வேண்டும். நாலு வீட்டார் சேர்ந்து முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அவளுக்குப் பொழுது எங்கே?

இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது பாட்டி இன்னொரு கேள்வி கேட்டார்.

"பையன் போரடிக்குதுங்கிறான். அவன் அக்கா ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருக்காளா?"

யாரும் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்கு வயது பத்து. காலையில் தண்ணீர் பிடிக்கிறாள். பள்ளிக்குப் போகிறாள். வந்ததும் பாத்திரம் கழுவுகிறாள். உளுந்து ஊறப் போடுகிறாள். தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். போரடிக்க அவளுக்கு நேரம் ஏது?

எனக்கும் அந்த வயது நினைவுக்கு வந்தது. நான் ஒரு நிமிடம் உட்கார்ந்தால், "சும்மாதானே இருக்கே, இதைச் செய்" என்று ஒரு குரல் வரும். என் தம்பியை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

2019ஆம் ஆண்டு அரசு ஒரு கணக்கு எடுத்தது. 6 வயதுக்கு மேற்பட்டவர்களின் நேரம் எப்படிப் போகிறது என்று கேட்டது. அப்போது வீட்டு வேலை செய்த பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் செய்தார்கள். வீட்டு வேலை செய்த ஆண்கள் 97 நிமிடம் செய்தார்கள். இந்த வித்தியாசம் எங்கே தொடங்குகிறது? பத்து வயதுப் பெண்ணின் கையில்தான் தொடங்குகிறது.

ஓய்வும் விளையாட்டும் பிள்ளைகளின் உரிமை. 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை உருவாக்கிய குழந்தை உரிமை உடன்படிக்கை இதைச் சொல்கிறது. இந்தியா 1992ஆம் ஆண்டு அதில் சேர்ந்தது. ஆண் பிள்ளைக்கு மட்டும் என்று அதில் எழுதவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

1. "போரடிக்குது" என்று பிள்ளை சொன்னால் பதறாதீர்கள். திட்டாதீர்கள். "என்ன செய்யலாம்னு நீயே யோசி" என்று சொல்லுங்கள்.

2. கொஞ்ச நேரம் காத்திருங்கள். முதல் சில நாள் அழுகை இருக்கும். பிறகு குறையும்.

3. ஒரு பழைய பெட்டி வையுங்கள். அதில் மூடி, நூல், காலி டப்பா, துணித்துண்டு, காகிதம் போடுங்கள். கூர்மையான பொருள் வேண்டாம். சின்னக் குழந்தை வாயில் போட்டு விழுங்கும் பொருளும் வேண்டாம்.

4. பிள்ளை விளையாடும்போது "இப்படிச் செய், அப்படிச் செய்" என்று சொல்லாதீர்கள்.

5. பெண் பிள்ளைக்கும் தினமும் வேலை இல்லாத நேரம் கொடுங்கள். வீட்டு வேலையை எல்லோரும் பங்கு போடுங்கள். தம்பியும் பாத்திரம் கழுவலாம். அப்பாவும் தண்ணீர் பிடிக்கலாம்.

பிறகு என்ன நடந்தது?

அந்த அக்கா தவணையில் போன் வாங்கவில்லை. முதல் நாள் பையன் அழுதான். இரண்டாம் நாள் தரையில் உருண்டான். நாலாம் நாள் தீப்பெட்டிகளை நூலில் கோத்தான். லோக்கல் ரயில் விட்டான். "சயான்! மாட்டுங்கா! தாதர்!" என்று கூவினான். இட்லி ஆர்டரும் இப்போது தவறுவதில்லை.

மகளுக்கும் தினமும் அரை மணி நேரம் கொடுத்தார். முதல் நாள் அவளுக்குப் புரியவில்லை.

"நான் என்னம்மா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம்."

"ஒண்ணுமே வேணாமா?"

அவள் வாசல்படியில் போய் உட்கார்ந்தாள். தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் அம்மாவின் அருகே வந்தாள்.

"அம்மா, போரடிக்குதும்மா."

அம்மா எழுதுவதை நிறுத்தினார். மகளின் முகத்தைப் பார்த்தார். தலையைத் தடவினார்.

"அப்படியா கண்ணு? நல்லா போரடிக்கட்டும்" என்றார்.

கலந்து பேசுவோம்

1. சின்ன வயதில் நீங்கள் கண்டுபிடித்த விளையாட்டு எது? எழுதுங்கள்.

2. நேற்று உங்கள் வீட்டில் மகன் என்னென்ன வேலை செய்தான்? மகள் என்னென்ன வேலை செய்தாள்? இரண்டு பட்டியல் எழுதுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

3. உங்கள் தெருவில் பிள்ளைகள் பயமில்லாமல் விளையாட இடம் இருக்கிறதா? இல்லை என்றால் எல்லோரும் சேர்ந்து என்ன செய்யலாம்?